காருக்குக் கீழிருந்து பார்த்த மயிலாப்பூர்

1

நான் வெளிநாட்டுக்காரி என்பதை வருடத்துக்கு ஒருமுறை மதராஸ் எனக்கு ஞாபகப்படுத்திவிடும். வெளிநாட்டவர் பதிவு ஆபீஸில் ஒரு மர பெஞ்சு இருக்கிறது. மலேசியா பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார வேண்டும். எனக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரர், பின்னால் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண், நடுவில் பச்சைத் தமிழ் பேசிக்கொண்டு நான். போன வாரமும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

குமாஸ்தா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

“என்னம்மா நகமெல்லாம் கறுப்பா இருக்கு? மருதாணி தப்பாப் போச்சா?”

“என்ஜின் ஆயில் சார். சோப்புப் போட்டும் போகல.”

“சரி, வீட்டுல என்ன பண்றீங்க? தொழில்னு ஒரு கட்டம் இருக்கு.”

“பள்ளிக்கூடப் பிள்ளைங்கள மயிலாப்பூர்லேருந்து சாந்தோமுக்குக் கார்ல கொண்டு விடுறேன். ஆயில் மாத்துறது, அடியில துருப் பிடிக்காமப் பாத்துக்குறது, அந்த வேலையும் நான்தான்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்தக் கட்டத்துல அவ்வளவு இடம் இல்லியேம்மா,” என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டு ‘குடும்பத் தலைவி’ என்று எழுதிக்கொண்டார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த ஊரில் இறங்கி ஏழு வருடமாக நான் செய்கிற எந்த வேலைக்கும் யாரிடமும் கட்டம் இல்லை. பினாங்கில் இந்தப் பத்தியைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் “எப்படி இருக்கிறாய், ஊர் பழகிவிட்டதா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக நகம் கறுத்த கதையைச் சொல்கிறேன். நானும் உயிரோடு இருக்கிறேன், காரும் உயிரோடு இருக்கிறது. இரண்டுமே கொஞ்சத்தில் தப்பியவை.

2

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் கணவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பினாங்கில் அவருடைய சித்தப்பா வைத்திருந்த ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வந்தவர், அடுத்த கட்டடத்தில் என் அண்ணனின் லாரிக் கொட்டகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என்னைக் கட்டிக்கொண்டார். கணக்கு எழுதத்தான் போனேன். ஆள் வராத நாட்களில் அண்ணன் கத்துகிற கத்தலைத் தாங்க முடியாமல் ஒருநாள் நானே லாரிக்கு அடியில் போனேன். போனவளுக்கு அது பிடித்துவிட்டது. பேனாவைவிட ஸ்பேனர் எனக்கு நன்றாகக் கையில் உட்கார்ந்தது.

பிறகு கணவரின் அண்ணன் தி.நகரில் புடவைக்கடை திறந்தார். “வா” என்றார். வந்தோம். நான், அவர், பத்து வயது மகள் கலா, கப்பலின் வயிற்றில் எங்கள் பழைய பச்சைக் கார். துறைமுகத்தில் மனிதர்களை ஒரே நாளில் விட்டுவிட்டார்கள். காரை விடவில்லை. ஒரு மேஜைக்காரர் இன்னொரு மேஜையைக் காட்டுவார், அந்த மேஜைக்காரர் சாப்பிடப் போயிருப்பார். கார் வெளியே வந்தபோது ஒரு மழைக்காலம் முழுக்க அது கடலோரத்திலேயே நின்றிருந்தது. என் தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

பினாங்கில் நமக்கு உப்புக்காற்று புதிதில்லை. எதிர்க்கரை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் ஏறி வருகிற வண்டிகளைக் கொட்டகையில் முதலில் என்ன செய்வோம்? குழாயைத் திறந்துவிட்டு வயிற்றுப்பக்கம் முழுக்க நல்ல தண்ணீரால் கழுவுவோம். காயவிட்டு மெழுகு கரைத்த கிரீஸைப் பூசுவோம். ஆயிலை மாற்றும் நாளும் அதுதான், அடிப்பக்கம் பார்க்கும் நாளும் அதுதான். இரண்டும் ஒரே படுக்கையில் முடிந்துவிடும்.

இங்கே குழாயில் நல்ல தண்ணீர் விடிகாலையில் கொஞ்ச நேரம் வரும். அதற்குக் குடங்கள் வரிசையில் நிற்கும். காரைக் கழுவுவது கிணற்றுத் தண்ணீரில்தான். எங்கள் வீட்டுக் கிணறு கடலுக்குப் பக்கத்துக் கிணறு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஆனால் அதே தண்ணீரை வாளி வாளியாகக் காருக்கு அடியில் அடித்துவிட்டு “பளபளன்னு ஆயிடுச்சி பாரு” என்று சிரிக்கிறார்கள். மேலே பளபளப்பு, கீழே ஊறுகாய். “கழுவாதீங்க, துணியால துடைங்க போதும்” என்று நான் ஏழு வருடமாகச் சொல்கிறேன். வண்டியைக் கழுவாதவள் சோம்பேறி என்று தெருவில் பெயர் வாங்கினதுதான் மிச்சம்.

3

நாங்கள் குடியிருப்பது மயிலாப்பூரில் ஒரு வீட்டின் பின்கட்டு. முன்கட்டில் வீட்டுக்காரர் அலமேலு மாமி. நாங்கள் சைவம்தான் என்று மூன்று பேர் சாட்சி சொன்ன பிறகே சாவி கொடுத்தார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “ஏண்டி பினாங்கு, உங்காத்துல காப்பிப்பொடி இருக்கோ?” என்பார். அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. கோடி வீட்டுப் பக்கம் கைவண்டி இழுக்கும் ஏழுமலைக்கு நான் பினாங்கம்மா.

பிள்ளைகளைக் கொண்டு விடுகிற வேலை தானாக வந்தது. கலாவை விடும்போது அடுத்த வீட்டுப் பிள்ளை ஏறிக்கொண்டது, அதற்கடுத்த வீட்டுப் பிள்ளையும் ஏறிக்கொண்டது. கலா வளர்ந்து, சாந்தோமில் பஸ் ஏறிக் காலேஜுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். வண்டியில் இப்போது ஐந்து வாண்டுகள். காலையில் இருபது நிமிஷம் அவர்கள் போடுகிற கூச்சலில்தான் எனக்கு இந்த ஊர் சொந்த ஊர் மாதிரித் தோன்றும். அது இல்லையென்றால் பின்கட்டில் நாலு சுவரும் நானும்தான்.

ஒரு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், ஐந்து பேரில் சின்னவள் வசந்தி பின்சீட்டிலிருந்து கேட்டாள்.

“ஆன்ட்டி, ரோடு ஏன் ஓடுது?”

“நாமதாம்மா ஓடுறோம், ரோடு அங்கேயேதான் இருக்கு.”

“இல்ல ஆன்ட்டி. என் கால்கிட்ட ஓடுது.”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கால்மிதியை விலக்கினேன். அவளுடைய சின்ன ஷூவுக்குப் பக்கத்தில், ஒரு வெற்றிலை அகலத்துக்குத் தகரமே இல்லை. சாந்தோம் ரோடு தார் தாராகத் தெரிந்தது. விரலை வைத்தேன், ஓரம் அப்பளம் மாதிரி உடைந்தது.

அன்றைக்குப் பிள்ளைகளை எதிர்ப்பக்கம் ஒட்டி உட்காரவைத்து ஊர்ந்துகொண்டே போய் விட்டேன். மறுநாளிலிருந்து வண்டி வராது என்று அம்மாக்களிடம் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். மறைக்கிற விஷயமா அது? சரியானதும் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார்கள். அந்தப் ‘பார்க்கலாம்’ எப்படிப்பட்டது என்று உங்களுக்கும் தெரியும்.

செய்தி தி.நகர் வரைக்கும் போனது. கணவரின் அண்ணன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், ஒரே வரியில் முடித்தார். “பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற வேலையப் பாருங்க.”

4

நான் போடவில்லை. ராயப்பேட்டையில் வெல்டிங் செய்கிற கரீம் பாயிடம் கொண்டு போனேன். அழுகினதை வெட்டி எடுத்துவிட்டு நல்ல தகரம் வைத்து அழகாகப் பற்றவைத்துக் கொடுத்தார். “தையல் போட்ட எடம் பாருங்கம்மா, தொறந்து வெச்சா அதுதான் முதல்ல துருப் பிடிக்கும். சீக்கிரமா ஏதாவது பூசிடுங்க,” என்றார்.

பூசுவதற்கும் ஆயில் மாற்றுவதற்கும் சேர்த்து, கணவர் சொன்னார் என்பதற்காக, அதே பேட்டையில் ஒரு சர்வீஸ் பட்டறையில் விட்டேன். விடும்போது ஆயில் வடிக்கிற போல்ட்டின் தலையில் கலாவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தேன். பாதி போல்ட்டில், பாதி பக்கத்து இரும்பில். போல்ட்டைத் திருப்பினால் கோடு முறிந்துவிடும்.

வண்டி திரும்பி வந்தது. கோடு அப்படியே நேராக இருந்தது. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் காப்பி டிகாக்ஷன். அடியிலோ, ஈர மண் மேலேயே கழிவு ஆயிலை விசிறிவிட்டிருந்தார்கள். ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்துப் போர்த்திவிட்ட மாதிரி.

“மாத்தலியே?” என்றேன்.

பட்டறைக்காரர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துச் சொன்னார். “மாத்தியாச்சி சார். புது ஆயில் ஊத்தினவுடனே கறுத்துடும் சார். லேடீஸுக்குத் தெரியாது.”

என் கணவரும் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து கைலியை எடுத்து வெயிலில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு.

5

ஞாயிறு காலை. பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரில் சினிமாப் பாட்டு. கலா வாசலில் வழிமறித்தாள்.

“இன்னாம்மா நீ, மறுபடியும் கைலியக் கட்டிக்கினு! இன்னிக்கி என் ஃப்ரெண்ட்ஸ்லாம் இந்தத் தெரு வழியாத்தான் சினிமாவுக்குப் போவாங்க.”

“பட்டுப்புடவை கட்டிக்கிட்டா காருக்கடியில படுக்க முடியும்?”

“படுக்கவே வேணாம்கிறேன். யார் வூட்ல அம்மா காருக்கடியில படுக்கறாங்க? ‘உங்கம்மா மெக்கானிக்காடி’ன்னு கேக்கறாளுங்க. மானம் போவுது.”

பினாங்கில் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு “மா, நானும் வரட்டா?” என்று கேட்ட பிள்ளை இவள். இப்போது பேச்சும் மதராஸ், மானமும் மதராஸ். அவள் பின்வாசல் வழியாகத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வேலை ஆரம்பித்தேன். விறகுத் தொட்டியில் சொல்லிச் சரிவாக அறுத்து வாங்கிய இரண்டு தடிக் கட்டைகள் வைத்திருக்கிறேன். முன்சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கியரில் போட்டு, அதன் பிறகுதான் கீழே போவேன். செங்கல்லை அடுக்கி வண்டியைத் தூக்கி நிறுத்துகிறவர்களை இந்த ஊரில் தினமும் பார்க்கிறேன். செங்கல் சொல்லிவிட்டு உடையாது.

கட்டையில் ஏற்றுவதற்கு முன்பே என்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு, பிறகு கை பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிட வேண்டும். ஆயில் இளகி அழுக்கோடு வரும், கையும் வேகாது. சிவப்புக் கோட்டை என் கையாலேயே முறித்தேன். பழைய எனாமல் பேசினில் அந்தக் கறுப்பு விழுந்த சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

இவள் ஆயில் மாற்றுகிறாள் என்று தெரிந்தால் போதும், தெருவே கூடிவிடும். கழிவு ஆயிலுக்கு இங்கே அவ்வளவு கிராக்கி. ஒருவர் கதவு நிலைக்குக் கரையான் வராமல் பூச, ஒருவர் கீல் கிறீச்சிடாமல் இருக்க, ஏழுமலை கைவண்டி அச்சுக்கு. தேங்காய்த் தொட்டியும் டப்பாவுமாக வந்து நிற்பார்கள். கீழே படுத்திருக்கும் எனக்கு முகம் தெரியாது, கால்கள்தான் தெரியும். மயிலாப்பூரை நான் கால்களால்தான் படித்திருக்கிறேன். வெடித்த குதிகால் ஏழுமலை. மெட்டி போட்டு மஞ்சள் பூசிய கால் மாமி.

“இன்னா பினாங்கம்மா,” என்றது வெடித்த குதிகால், “வண்டிக்குப் பேதி குடுத்துக்கினு கீறியா?”

“ஆமா ஏழுமலை. ஆறு மாசமா வயித்துல கட்டிக்கிட்டு இருந்துச்சு.”

“பாத்து ஊத்தும்மா. கஞ்சி ஊத்தாம உட்டுடாத, மயக்கம் போட்டுடும்.”

சிரித்ததில் தலை இரும்பில் இடித்தது. இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போகிற நிமிஷங்கள் இப்படித்தான் வரும், தலையில் ஒரு குட்டோடு. புது ஆயிலை ஊற்றி, குச்சியில் அளவு பார்த்து, காரைக் கட்டையிலிருந்து இறக்கினேன். தொட்டிகள் நிரம்பின. கூட்டம் கலைந்தது. பாதி வேலை முடிந்தது.

6

மறுபாதி அடிப்பக்கம். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு சக்கரத்தைக் கழற்றி, கரீம் பாயின் தையலைச் சுற்றி ராயப்பேட்டை அழுக்கைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, செங்காவி பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் மெழுகுக் கிரீஸ் பூச வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் இருக்கும்போது கியரை நம்பக் கூடாது. தரையிலிருக்கும் சக்கரம் உருண்டால் மேலேயிருக்கும் சக்கரம் எதிராகச் சுற்றிக்கொள்ளும், கியர் பிடிக்காது. ஹேண்ட்பிரேக் கேபிளை நான் எண்ணெய் போடுவதற்காகக் கழற்றியிருந்தேன். எங்கள் வாசல் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தெருப்பக்கம் சரிந்திருக்கும். ஆக அந்த வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தது முன்சக்கரங்களுக்குக் கொடுத்திருந்த முட்டுதான். ஒரு சக்கரத்துக்கு, கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்த ஒரு சின்ன அம்மி. மறுசக்கரத்துக்கு, துணைக்கு ஒரு செங்கல்.

இன்னொன்றும் செய்திருந்தேன். அண்ணன் கொட்டகையில் யார் ஜாக்கி போட்டாலும் செய்யாமல் இருக்க மாட்டார்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் விலாவுக்குக் கீழே படுக்கப்போட்டு, அதன் மேல் ஒரு கட்டையையும் வைத்தேன்.

மல்லாந்து படுத்து பிரஷ் பிடித்திருந்தேன். மெட்டிக் கால்கள் வந்தன. முன்சக்கரத்துப் பக்கம் நின்றன.

“அடிப் பாவி! அம்மிய கொண்டுவந்து டயருக்கு வெச்சிருக்காளே! ஏண்டி பினாங்கு, நோக்கு வேற கல்லே கெடைக்கலியா?”

“மாமி, அதத் தொடாதீங்க!” என்று கத்தினேன். என் வாய் இரும்புத் தகரத்தைப் பார்த்திருந்தது. டிரான்சிஸ்டர் வேறு. அவர் காதில் விழுந்ததா தெரியாது. கல் தரையில் கரகரவென்று தேயும் சத்தம். ஆட்டி ஆட்டி இழுக்கிறார்.

செங்கல் பொரி மாதிரி நொறுங்கியது. வண்டி ஒரு முழம் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. வானம் இறங்கின மாதிரி அந்தப் பச்சைக் கார் முழுக்க என் மேல் இறங்கி, ஒரு பெரிய ‘டொம்’.

கண்ணைத் திறந்தேன். நான் செங்காவி பூசின தகரம் என் மூக்குக்கு ஒரு சாண் மேலே நின்றிருந்தது. கட்டையும் சக்கரமும் தாங்கிப் பிடித்திருந்தன. முழங்கை உரிந்திருந்தது. அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

ஏழுமலையும் இன்னும் நாலு பேரும் ஓடிவந்து காரைத் தூக்கிப் பிடித்தார்கள். பக்கவாட்டில் ஊர்ந்து வெளியே வந்தேன். மாமி அம்மிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

“ஜாக்கி போட்டுத் தூக்கி நிறுத்தியாச்சே, கல்லு சும்மாத்தானே கெடக்கறதுன்னு நெனைச்சேன்டி. என் கல்யாணத்துல நான் மிதிச்ச அம்மிடி அது. அத டயர் மிதிச்சுண்டு நிக்கறதப் பாத்ததும் நேக்குத் தாங்கல...”

கவிழ்ந்து கிடந்த அம்மிக்குள் ஒரு கல்யாணம் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? வண்டியின் பாரம் கல்லில்தான் நிற்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

7

ஆனால் சாயங்காலம் கூடிய பஞ்சாயத்தில் கல்லைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பெரியத்தான் தி.நகரிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பொம்பளைப்பிள்ள காருக்கடியில படுத்தா இப்படித்தான் ஆகும்.”

“ஆம்பளை படுத்திருந்தாலும் கல்லை எடுத்தா வண்டி உருளும் பெரியத்தான்.”

“பதிலுக்குப் பதில் பேசுதா பாரு. ஏலே தம்பி, நாளைக்கே இத வித்துத் தொலை.”

கலா திரும்பி வந்தாள். விஷயம் அவளுக்குத் தெருமுனையிலேயே கிடைத்திருந்தது. என் முழங்கையைப் பார்த்தாள். “சாகப் பாத்தியா நீ?” என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது கோபமா, வெட்கமா, பயமா என்று கதவைப் பார்த்து எப்படிச் சொல்வது?

நான் கணவரிடம் மட்டும் பேசினேன். “நாளைக்குக் காலையில வண்டி வரும்னு அஞ்சு வீட்டுலயும் சொல்லிட்டேன். நாளைக்கு வராட்டி அந்தப் பிள்ளைங்க வேற ரிக்ஷாவுல ஏறிடும். அப்புறம் எனக்கு இந்த ஊர்ல ஒண்ணுமில்ல. பாதி பூசியாச்சு. மீதியப் பூசணும்.”

அவர் நல்ல மனிதர். அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். அன்று அண்ணனிடம் சொன்னார், “வண்டி இருக்கட்டும் அண்ணாச்சி. இவ ஓட்டட்டும்.” என் பக்கம் திரும்பினார். “ஆனா கீழ நீ படுக்கப்பிடாது. நான் படுக்கேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கணவர் முதல்முறையாகக் காருக்கு அடியில் போனார். முட்டுக்கு ஏழுமலை பாறாங்கல் இரண்டு கொண்டுவந்து போட்டான். நான் வெளியே குந்திக்கொண்டு வழி சொன்னேன். “இடப்பக்கம். அந்த ஓரத்துல. பிரேக் பைப்பை விட்டுடுங்க. தடியா ஒரு குழாய் போகுது பாருங்க, அது புகை போற குழாய், அதுல படவே கூடாது.” “சரி சரி, தெரியும்,” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

தெரு என்ன செய்தது தெரியுமா? காலையில் கார் விழுந்ததும் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட அதே தெரு? “சார், பலே! சொந்தமாவே செய்றீங்களே!” “படிச்சவருக்கு எவ்ளோ பணிவு பாரு!” மாமி எனக்கு மஞ்சள் பற்றும் அவருக்கு டம்ளர் நிறையக் காப்பியும் கொண்டுவந்தார். அரைமணி நேரத்தில் கணவர் முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்து, போருக்குப் போய்த் திரும்பியவர் மாதிரி நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கார் எனக்குக் கிடைத்துவிட்டது. அதன் அடிப்பக்கம் பறிபோய்விட்டது.

பூசினதைச் சரிபார்க்கிறேன் என்று குனிந்தேன். “அதான் முடிஞ்சிட்டே, விடேன்,” என்றார். சக்கரத்தையும் ஹேண்ட்பிரேக் கேபிளையும் திரும்ப மாட்டியாயிற்று, இருட்டியும் விட்டது. விட்டேன்.

8

திங்கட்கிழமை ஐந்து பிள்ளைகளும் வந்தார்கள். வசந்தியின் அம்மா மட்டும் கால்மிதியை விலக்கிப் புதுத் தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏற்றினார். அதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் தட்டியிருப்பேன்.

சாந்தோம் கோயிலைத் தாண்டியதும் பின்னால் ஒரு சைக்கிள்காரர் மணியடித்தார். “யம்மா! வண்டி பத்திக்கிச்சி!”

கண்ணாடியில் பார்த்தேன், வெள்ளைப் புகை. சமதரையான இடம் பார்த்து நிறுத்தினேன். பிள்ளைகளை இறக்கி, கைகோத்து, மதிலோரம் நிற்கவைத்தேன். குனிந்து பார்த்ததும் தெரிந்துபோயிற்று. நெருப்பில்லை. புகைக்குழாய் முழுக்க, வெண்ணெய் தடவின மாதிரி, அவ்வளவு அன்பாக, என் கணவர் மெழுகுக் கிரீஸ் பூசியிருந்தார். சூடு ஏறியதும் அது புகைகிறது.

பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம்தான். ஆனால் புகையும் காரிலிருந்து பிள்ளைகள் இறங்குவதை வாசலில் நிற்கிற அத்தனை அம்மாக்களும் பார்த்தால், நாளைக்கு என் வண்டியில் யார் ஏறுவார்கள்? குழாயை ஆறவிட்டேன். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் போட்டு, நாலு சக்கரமும் தரையில் இருக்கிறதுதானே என்று விடாமல், ரோட்டோரம் கிடந்த ஒரு கல்லையும் உருட்டிவந்து சக்கரத்துக்கு வைத்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய துணியும் குச்சியுமாக, நடுச் சாந்தோமில் தோள்வரைக்கும் கீழே நுழைந்தேன்.

கால்கள் கூட ஆரம்பித்தன.

“இன்னா, பொம்பளை உழுந்துட்டாளா?”

“வூட்ல சார் இல்லியாம்மா?”

“எய்ந்துரும்மா, எய்ந்துரு. நான் பாக்கறேன். லேடீஸ் வேலையா இது?” பாலிஷ் போட்ட பூட்ஸ் ஒன்று சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்தது. குனிய இடம் தேடியது. “இந்தக் கல்லு எதுக்கு வழியில...” என்று மறுகாலால் கல்லைத் தள்ளப் பார்த்தது.

“கல்லு மேல கால வெக்காத மிஸ்டர்!”

அந்தக் குரல் ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. எதிரே அடையாறு பஸ்ஸுக்கு நிற்கும் இடம். ஓடிவருகிற செருப்புச் சத்தம். பூட்ஸ் ஓரடி பின்வாங்கியது. நீல வார் வைத்த இரண்டு செருப்புக் கால்கள் வந்து கல்லின் இரண்டு பக்கமும் ஊன்றி நின்றன. அந்தக் கால்களை எனக்கு அவை நடக்கத் தெரியாத நாளிலிருந்து தெரியும்.

“யாருடீ கீழ?” எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை கத்தியது.

“எங்கம்மா,” என்றாள் கலா.

பூட்ஸ்காரர் ஏதோ முனகினார். “ஹெல்ப் பண்ணலாம்னு தாம்மா...”

“ஒண்ணும் வேணாம். அவங்களுக்குத் தெரியும். நீங்க தள்ளி நில்லுங்க.” பிறகு குனியாமலே, எனக்கு மட்டும், எரிச்சலோடு: “நீ முடி. சீக்கிரம் முடி. எனக்கு பஸ் வருது.”

நான் துடைத்தேன். துணி கறுத்தது, குச்சி கறுத்தது, நகம் கறுத்தது. துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன். பெரிய சக்கரங்கள் எதிரே வந்து பெருமூச்சு விட்டன. “கலா, பஸ்ஸு! வர்றியா இல்லியாடீ?” என்று நாலைந்து குரல்கள்.

பஸ் நின்றது. மணியடித்தது. கிளம்பிப் போயிற்று.

நீலச் செருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.